எழ மறுக்கும் பழைய மடிக்கணினி: மேம்படுத்தலும் கெர்னல் அமைப்பும்

லினக்ஸ் ஓடும் ஒரு பழைய மடிக்கணினியை அடுத்த பதிப்புக்கு ஏற்றியபின் அது எழாமல் போனால், பழி முதலில் கெர்னல் மீதுதான் விழும். புதிய கெர்னல் பழைய இயந்திரத்துக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி, இயந்திரத்தையே ஓரங்கட்டிவிடுகிறவர்கள் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் கெர்னலில் நடந்த மாற்றங்களையும், அவற்றால் பழைய இயந்திரங்களுக்கு வந்த தொல்லைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு தெரிவின் பெயர் மாறியிருக்கும்; ஒரு டிரைவர் நீக்கப்பட்டிருக்கும்; ஒரு ஃபர்ம்வேர் கோப்பு வேறு தொகுப்புக்குப் போயிருக்கும்; மேலே ஓடும் நிரல்கள் கெர்னலிடம் முன்பு கேட்காத ஒன்றைக் கேட்கத் தொடங்கியிருக்கும். இவை ஒவ்வொன்றும் யாரோ காரணம் எழுதிப் பதிவுசெய்து எடுத்த முடிவு. ஆகவே தேடிக் கண்டுபிடிக்கக்கூடியது, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் இயந்திரத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். ஐபிஎம் திங்க்பேட் டி40, 2003-இல் வந்தது. பானியாஸ் என்ற பெயரில் அறியப்பட்ட முதல் தலைமுறை பென்டியம் எம் செயலி, 32 பிட். ரேடியான் மொபிலிட்டி 7500 வரைகலைச் சில்லு. பட்டைக் கேபிள் காலத்து ஐடிஇ வகை ஹார்ட் டிஸ்க். பல மாடல்களில் இன்டெல் 2100 வைஃபை அட்டை. இதன் விசைப்பலகைக்காகவே இன்றும் இதை எழுதுவதற்கு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கெர்னல் அமைப்பில் நேரக்கூடிய சிக்கல்களில் முக்கால்வாசியை இந்த ஒரே இயந்திரத்தில் பார்த்துவிடலாம்.

எங்கே நின்றது?

திரையில் கடைசியாகத் தெரிந்தது என்ன என்பதே முதல் சான்று. கிரப் பட்டியலைத் தாண்டியதும் செயலியில் ஒரு வசதி இல்லை என்று ஒரே வரி வந்து நின்றால், அந்தச் செயலிக்கான கெர்னல் அதுவல்ல. எழுத்துகள் ஓடி, ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று பேனிக் ஆனால், ஹார்ட் டிஸ்க்கின் டிரைவரோ கோப்பமைப்பின் டிரைவரோ இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தற்காலிகக் கோப்பமைப்புக்குள் கட்டளை வரி திறந்து நின்றால், டிஸ்க் வேறு பெயரில் இருக்கலாம், அல்லது அதற்கான மாட்யூல் அந்தச் சிறிய படிமத்துக்குள் சேராமல் போயிருக்கலாம். சேவைகள் தொடங்கும்போது சிதறினால் கெர்னலுக்கும் சிஸ்டம்டிக்கும் இடையிலான சிக்கல். எல்லாம் ஓடித் திரை மட்டும் கறுத்தால் வரைகலை.

இந்த வரிசையை மனத்தில் வைத்தாலே பாதி வேலை முடிகிறது. கறுத்த திரையைப் பார்த்ததும் இயந்திரம் உறைந்துவிட்டதாக எண்ணி பவர் பொத்தானை அழுத்துவதற்கு முன், வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடிகிறதா என்று பார்ப்பது நல்லது. நுழைய முடிந்தால் டிமெஸ்ஜி கட்டளையே காரணத்தைச் சொல்லிவிடும். பழைய கெர்னல் இன்னும் கிரப் பட்டியலில் இருந்தால் அதில் எழுப்பிப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. புதிய மேல்நிரல்களோடு பழைய கெர்னல் எழுகிறது என்றால் சந்தேகத்தின் வட்டம் ஒரே நொடியில் சுருங்கிவிடும். மேம்படுத்தல் முடிந்த கையோடு ஆட்டோரிமூவ் கொடுத்துப் பழைய கெர்னலை அழித்துவிடும் பழக்கம் இதனால்தான் ஆபத்தானது. சிறிய பூட் பகிர்வு நிரம்பிவிடுகிறது என்பது உண்மை. டெபியன், உபுண்டு இரண்டிலும் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் எல்லா மாட்யூல்களையும் சேர்ப்பதற்குப் பதிலாக அந்த இயந்திரத்துக்குத் தேவையானவற்றை மட்டும் சேர்க்கும்படி மாற்றினால் படிமம் வெகுவாகச் சிறுக்கும். பழைய கெர்னலுக்கும் இடம் கிடைக்கும்.

செயலி மறைத்த வசதி

டி40-இன் முதல் தடை பிஏஇ. 32 பிட் செயலி 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தை அணுகுவதற்காக, 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவுடன் சேர்ந்த வசதி அது. உபுண்டு 12.10 பதிப்பிலிருந்து பிஏஇ இல்லாத கெர்னலைத் தருவதை நிறுத்தியது. பானியாஸ் செயலிகளில் அந்த வசதி உண்மையில் இருந்தது. ஆனால் செயலி தன் வசதிகளைச் சொல்லும் பட்டியலில் அதைச் சொல்வதில்லை. கெர்னல் பட்டியலைப் படித்து, இல்லை என்று நம்பி நின்றுவிடும். நன்றாக ஓடக்கூடிய எத்தனையோ இயந்திரங்கள் அந்த ஒரு பிட்டால் கழித்துக்கட்டப்பட்டன. 2014-இல் வந்த 3.15 கெர்னலில் ஃபோர்ஸ்பிஏஇ என்ற பூட் அளவுரு சேர்க்கப்பட்டது. அதைக் கொடுத்தால் பட்டியலைப் பொருட்படுத்தாமல் கெர்னல் எழும். செயலி அறிவித்த வரம்புக்கு வெளியே ஓடுகிறோம் என்று தனக்குள் ஒரு குறியும் வைத்துக்கொள்ளும்.

டெபியன் வேறு வழியில் போனது. 686 என்றும் 686-பிஏஇ என்றும் இரண்டு வகைக் கெர்னல்களைத் தொடர்ந்து தந்தது. டி40-க்கு முதல் வகையை நிறுவினால் தொல்லை இல்லை என்பதே பொதுவான அறிவுரை. அதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைபாடு வெளிவந்தது. அதற்கான காப்பு முதலில் 64 பிட்டுக்கு மட்டுமே வந்தது. 32 பிட்டுக்கு அதே ஆண்டு அக்டோபரில் 4.19 பதிப்பில்தான் வந்தது. அந்தக் காப்பின் தெரிவு 32 பிட்டில் பிஏஇயைச் சார்ந்தது. பிஏஇ இல்லாத கெர்னலில் அதை இயக்கவே முடியாது. ஆகவே தொல்லையில்லாத வகையைத் தேர்ந்தால் காப்பு போகிறது. பிஏஇ வகையையும் ஃபோர்ஸ்பிஏஇயையும் தேர்ந்தால் காப்பு கிடைக்கிறது, ஏற்கெனவே மெதுவான செயலி இன்னும் கொஞ்சம் மெதுவாகிறது. இணைய உலாவி திறக்கும் இயந்திரம் என்றால் இரண்டாவதையே சொல்வேன். எழுதுவதற்கு மட்டும், வலையோடு சேராமல் இருக்கும் இயந்திரம் என்றால் முதலாவது போதும்.

பெயர் தெரியாமல் உதிர்ந்த தெரிவுகள்

கெர்னலைத் தாமே கட்டுபவர்களின் சிக்கல் வேறு வகை. ஜென்டூ, ஸ்லாக்வேர் பயனர்களில் பலரும் பழைய இயந்திரத்துக்காகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய ஒரு கான்ஃபிக் கோப்பை ஆண்டுக்கணக்கில் கைமாற்றிக்கொண்டே வருவார்கள். புதிய மூலநிரலின் அடைவில் அதை வைத்து மேக் ஓல்ட்கான்ஃபிக் கொடுத்தால், புதிதாக வந்த தெரிவுகளைப் பற்றி மட்டும் கேள்வி கேட்கும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று, ஆகவே பழையது அப்படியே இருக்கிறது என்று தோன்றும். ஆபத்து கேட்கப்படாத இடத்தில் இருக்கிறது. பழைய கோப்பில் இருந்த ஒரு தெரிவு புதிய கெர்னலில் இல்லாமல் போயிருந்தால், அந்த வரி ஓசையில்லாமல் உதிர்ந்துவிடும்.

இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஐடிஇ. டி40 போன்ற இயந்திரங்களின் டிஸ்க்கைக் கையாள கெர்னலில் நெடுங்காலம் இரண்டு வழிகள் அருகருகே இருந்தன: பழைய ஐடிஇ டிரைவர்களின் தொகுப்பு ஒன்று, லிப்ஏடிஏ மற்றொன்று. முதலாவதில் டிஸ்க்கின் பெயர் எச்டிஏ, இரண்டாவதில் எஸ்டிஏ. பெரிய டிஸ்ட்ரோக்கள் முன்பே லிப்ஏடிஏவுக்கு மாறிவிட்டன. அந்த மாற்றத்தின்போதே எஃப்ஸ்டாப் கோப்பில் எச்டிஏ என்று எழுதிவைத்திருந்தவர்கள் அடிபட்டார்கள். டிஸ்க்கைப் பெயரால் குறிக்காமல் யூயூஐடியால் குறிக்கும் வழக்கம் பரவியதற்கு இது ஒரு காரணம். தம் கெர்னலைத் தாமே கட்டியவர்களோ பழைய தொகுப்பிலேயே இருந்தார்கள். ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்ற நியாயமான எண்ணம்தான். 2021-இல் வந்த 5.14 பதிப்பில் பழைய தொகுப்பு முழுவதும் நீக்கப்பட்டது. அந்தக் கான்ஃபிக் கோப்பை 5.14-க்குக் கொண்டுவந்தால் ஐடிஇ சார்ந்த வரிகள் எல்லாம் உதிரும். லிப்ஏடிஏ முன்பே அணைத்து வைக்கப்பட்டிருந்ததால் அது தானாக எழாது. கட்டுதல் பிழையின்றி முடியும். பூட் செய்தால் பேனிக்.

அந்தப் பேனிக் வரியின் முடிவில் அடைப்புக்குள் இரண்டு எண்கள் வரும். 0,0 என்றிருந்தால் கெர்னலுக்கு டிஸ்க் என்ற ஒன்றே தெரியவில்லை; கட்டுப்படுத்தியின் டிரைவரைத் தேட வேண்டும். முதல் எண் 8 என்றிருந்தால் டிஸ்க்கைக் கண்டுவிட்டது, அதிலுள்ள கோப்பமைப்பைப் படிக்கத்தான் முடியவில்லை. இஎக்ஸ்டி4 போன்ற தெரிவைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு எண்களைப் படிக்காமல் கான்ஃபிக் முழுவதையும் புரட்டுபவர்கள் ஓர் இரவை வீணாக்குவார்கள். டி40-க்கு வேண்டியவை மூன்று: லிப்ஏடிஏ, அதற்குள் இன்டெல் பிக்ஸ் சில்லுக்கான டிரைவர், ஸ்கஸி டிஸ்க் ஆதரவு. கடைசியானதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். என் இயந்திரத்தில் ஸ்கஸி இல்லையே என்று நினைப்பார்கள். லிப்ஏடிஏ தன் டிஸ்க்குகளை ஸ்கஸி அடுக்கின் வழியாகத்தான் காட்டுகிறது. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் எழுப்புகிறவர்கள் மூன்றையும் கோப்பமைப்பின் டிரைவரையும் மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும்.

இடம் மாறும் தெரிவுகளும் உண்டு. 2012 ஜனவரியில் வந்த 3.2 பதிப்பில் ஈதர்நெட் டிரைவர்கள் தயாரிப்பாளர் வாரியாகப் பிரிக்கப்பட்டன. இன்டெல் என்ற பொதுத் தெரிவுக்கு இல்லை என்று பதில் சொன்னவருக்கு, டி40-இன் இ1000 டிரைவர் பட்டியலிலேயே தோன்றாது. இப்படிப்பட்ட நேரத்தில் மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டு விசையை அழுத்தி டிரைவரின் பெயரைத் தேடுவதே சரியான வழி. அது எங்கே இருக்கிறது என்பதோடு, எதைச் சார்ந்திருக்கிறது, அதில் எது அணைந்திருக்கிறது என்பதையும் சொல்லும். இரண்டு கான்ஃபிக் கோப்புகளை ஒப்பிட, மூலநிரலோடே டிஃப்கான்ஃபிக் என்ற சிறு நிரல் வருகிறது. பழையதற்கும் புதியதற்கும் இடையே மறைந்தவை, தோன்றியவை, மாறியவை மூன்றையும் வரிவரியாகக் காட்டிவிடும். மேக் ஓல்ட்கான்ஃபிக் முடிந்ததும் இதை ஓட்டிப் பார்க்காமல் கட்டத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உதிர்ந்த வரிகளை இங்கே கண்ணால் பார்த்துவிட முடிகிறது.

மேலிருந்து வரும் கோரிக்கைகள்

கெர்னலைத் தொடாமல் மற்றதை மட்டும் மேம்படுத்தினாலும் இயந்திரம் விழலாம். 2009 இறுதியில் 2.6.32 பதிப்பில் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற வசதி வந்தது. சாதனக் கோப்புகளைக் கெர்னலே உருவாக்கித் தரும். சில ஆண்டுகளில், சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் அது இல்லாமல் இயங்க மறுத்தது. சிஸ்ஃப்எஸ்ஸின் பழைய வடிவத்தைக் காக்கும் தெரிவை அணைத்துவிட வேண்டும் என்றும் கேட்டது. 2012-இல் யூடெவ் சிஸ்டம்டியின் மூலநிரலோடு இணைக்கப்பட்டபோது கோரிக்கைகள் நீண்டன: சிகுரூப்கள், ஐநோட்டிஃபை, சிக்னல்எஃப்டி, டைமர்எஃப்டி என்று ஒரு பட்டியல். பிடிக்காதவர்கள் அதே ஆண்டு ஜென்டூ வட்டத்திலிருந்து இயூடெவ் என்ற கிளையைத் தொடங்கினார்கள்.

சிஸ்டம்டியின் ரீட்மீ கோப்பில் அதற்குத் தேவையான கெர்னல் தெரிவுகள் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருக்கின்றன. பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் அந்தப் பட்டியலைத் தம் கான்ஃபிக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்த வகைத் தொல்லை வருவதில்லை. அண்மைய எடுத்துக்காட்டு சிகுரூப்களின் முதல் பதிப்பு. 2024-இல் வந்த சிஸ்டம்டி 256, அந்தப் பழைய பதிப்போடு எழுவதை இயல்பாக மறுத்தது. 258 பதிப்பில் அதற்கான நிரலே இல்லை. பழைய பூட் அளவுருவைக் கிரப் கோப்பில் எழுதிவைத்து மறந்துபோன இயந்திரம் இங்கே நிற்கும். கிரப் கோப்பிலுள்ள அந்த ஒரு வரியை நீக்கினால் எழும்.

திரையும் ஃபர்ம்வேரும்

ரேடியான் 7500-க்கு ஒரு சிறிய ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். ஒரு காலத்தில் இத்தகைய கோப்புகள் கெர்னல் மூலநிரலிலேயே இருந்தன, பிறகு தனித் தொகுப்பாயின, 2017-இல் 4.14 பதிப்பில் மூலநிரலின் ஃபர்ம்வேர் அடைவே நீக்கப்பட்டது. டெபியன் 12 வந்தபோது, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேருக்கென்றே தனிப் பிரிவு உருவாக்கி அங்கே மாற்றியது. டெபியன் 11-இலிருந்து ஏறியவர்கள் தொகுப்பு மூலங்களின் பட்டியலில் அந்தப் பிரிவைச் சேர்க்காவிட்டால் ஃபர்ம்வேர் பழைய பதிப்பிலேயே தங்கும். புதிதாக நிறுவவும் கிடைக்காது. டி40-இன் இன்டெல் 2100 வைஃபையும் இதே பிரிவை நம்பியிருக்கிறது. மேம்படுத்தியதும் வைஃபை போய்விட்டது என்று வருகிற புகார்களில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ரேடியான் டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டியவருக்கு இன்னொரு கண்ணி. ரூட் கோப்பமைப்பு ஏற்றப்படும் முன்பே டிரைவர் எழுந்து ஃபர்ம்வேரைத் தேடும். கோப்பு டிஸ்க்கில் இருந்தும் பயனில்லை. ஃபர்ம்வேரையும் கெர்னலோடு சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது டிரைவரை மாட்யூலாக மாற்ற வேண்டும். மாட்யூலே எளிது.

கண்ணுக்குத் தெரியாத வேகக்குறைவு ஒன்றும் உண்டு. 2020-இல் ரேடியான் டிரைவர், ஏஜிபி என்ற பழைய வரைகலை இணைப்பு முறையை இயல்பில் அணைத்துவிட்டது. ஏஜிபியால் உறையும் இயந்திரங்கள் பல இருந்தன, அவற்றுக்கு இது விடிவு. நன்றாக ஓடிய இயந்திரங்களுக்குக் காரணம் தெரியாத மந்தம். ரேடியானின் ஏஜிபிமோடு அளவுருவைக் கொடுத்துத் திரும்ப இயக்கிப் பார்க்கலாம். உறைந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். 2022-இல் வந்த மீசா வரைகலை நூலகத்தின் 22.0 பதிப்பு இந்தச் சில்லுக்கான முப்பரிமாண டிரைவரை விலக்கி, ஆம்பர் என்ற தனிக் கிளைக்கு அனுப்பியது. அது கெர்னலுக்கு வெளியே நடந்தது. கான்ஃபிக்கில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஐஸ்டபிள்யூஎம் போன்ற எளிய சாளர மேலாளருக்கு மாறுவதே அதற்கு மருந்து.

திரையின் ஒளி குறையாமல் கூடாமல் நிற்பது 2022 டிசம்பரில் வந்த 6.1-க்குப் பின் சில மடிக்கணினிகளில் காணப்பட்டது. ஒளிக் கட்டுப்பாட்டைக் கண்டறியும் முறை அந்தப் பதிப்பில் திருத்தி எழுதப்பட்டது. ஏசிபிஐ பேக்லைட் அளவுருவுக்கு நேட்டிவ், வீடியோ, வெண்டார் என்ற மூன்று மதிப்புகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தீரும்.

எதுவும் பிடிபடாவிட்டால்

கிட் பைசெக்ட் கடைசி வழி, ஆனால் நிச்சயமான வழி. கெர்னலின் ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் சேர்கின்றன. பாதி பாதியாக வெட்டிச் சோதித்தால் ஏறத்தாழ 14 கட்டுதல்களில் குற்றவாளி மாற்றம் அகப்பட்டுவிடும். பானியாஸ் செயலியில் ஒரு கட்டுதலே பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் இதை டி40-இல் செய்ய நினைப்பது வீண். வேகமான வேறொரு கணினியில் 32 பிட்டுக்கென்று கட்டி, டெப் தொகுப்பாக மாற்றி எடுத்துவரலாம். கெர்னலின் கட்டமைப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. லோக்கல்மாட்கான்ஃபிக் கொடுத்தால் அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக் கான்ஃபிக்கைச் சுருக்கும். கட்டும் நேரம் பெரிதும் குறையும். மாட்யூல்களின் பட்டியலை டி40-இலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டும் கணினிக்கான கெர்னல் கிடைக்கும். பட்டியல் எடுக்கும் முன் யூஎஸ்பி டிஸ்க், பிரிண்டர், பிசிஎம்சிஐஏ அட்டை என்று பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிட வேண்டும். அப்போது செருகாதது புதிய கெர்னலிலும் இருக்காது.

யார் எடுத்த முடிவு?

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 கணினியில். அந்த 386-க்கான ஆதரவு 2013-இல் 3.8 பதிப்பில் நீங்கியது. 2021-இல் ஐடிஇ. 2023-இல் 6.3 பதிப்பில் டிஆர்ஐ1 என்ற பழைய வரைகலை முறையின் காலத்து டிரைவர்கள்: ஐ810, சாவேஜ், ரேஜ் 128, சிஸ், வியா என்று ஒரு தலைமுறையே போனது. நீக்குகிறவர்களின் வாதம் வலுவானது. யாரும் சோதிக்காத டிரைவர் ஏற்கெனவே பழுதாகியிருக்கலாம். அது இருப்பதால் மற்றவர்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் சுமையாகிறது. பயன்படுத்துகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டபின்பே நீக்குகிறார்கள். டிஆர்ஐ1-க்கான மேல்நிரல்களை மீசா 2012-லேயே கைவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தக் கேள்வி அஞ்சல் பட்டியலில் கேட்கப்படுகிறது. பழைய இயந்திரத்தை வைத்திருப்பவர் டிஸ்ட்ரோ தரும் கெர்னலில் இருக்கிறார். நீக்கம் அவருக்குத் தெரியவருவது இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, மேம்படுத்திய மறுநாள். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்த்து நிறுவித் தரப்பட்டது. இலட்சக்கணக்கான மாணவர்கள் கையில் அப்படி லினக்ஸ் சென்றது. அந்தத் தொடக்ககால இயந்திரங்களில் இன்றும் ஓடுபவை இப்போது இந்தக் கட்டுரை பேசும் வயதை எட்டியிருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் கெர்னல் அஞ்சல் பட்டியலைப் படிக்க வாய்ப்பில்லை. நீக்குவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீக்கப்பட்டதைப் பதிப்பு மாற்றத்தின் தொடக்கத்திலேயே, அந்த இயந்திரத்தின் சாதனங்களோடு ஒப்பிட்டுச் சொல்ல டிஸ்ட்ரோக்களால் முடியும். எல்எஸ்பிசிஐ காட்டும் எண்களையும் புதிய கெர்னலின் மாட்யூல் பட்டியலையும் பொருத்திப் பார்த்தால் போதும். இரண்டும் கையில் இருக்கும் தகவல்கள். அதைச் செய்யாமல் ஏற்றிவிட்டு எழாமல் நிற்கவிடுவது பெரும் குறை.

டி40-இன் பாதை இனி எங்கே போகிறது என்பதும் தெளிவாகவே தெரிகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்டெல் இயந்திரங்களுக்குக் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. டெபியன் 12-க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அதுவரை பாதுகாப்புத் திருத்தங்களோடு ஓட்டலாம். அதன் பிறகு கெர்னலைத் தாமே கட்டுகிறவர்களுக்கு வழி இருக்கும். கெர்னலின் மூலநிரலில் 32 பிட் ஆதரவு இன்னும் இருக்கிறது. அந்த நாளுக்காக இப்போதே எடுத்துவைக்க வேண்டியவை சில: நன்றாக எழும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பு (பூட் அடைவில் இருக்கிறது), எந்தச் சாதனத்தை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்பிசிஐ வெளியீடு, ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியல், ஃபர்ம்வேர் கோப்புகள், ஒரு முழு டிமெஸ்ஜி. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பழைய பென்டிரைவில் அடங்கிவிடும்.